தூங்கவிடும் அடுப்பு

ஆஸ்டின் நகரிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் லெக்சிங்டன் என்ற சிற்றூர் வரும். அங்கே ‘ஸ்நோஸ்’ என்ற பார்பிக்யூ கடை சனிக்கிழமை மட்டும்தான் திறக்கும். காலை எட்டு மணிக் கடைக்கு ஆட்கள் இருட்டிலேயே மடக்கு நாற்காலியோடு வந்து வரிசை பிடித்துவிடுவார்கள். நாங்களும் அப்படிப் போய் நின்றோம். கூரை மட்டும் போட்ட கொட்டகையில், கனத்த இரும்பு அடுப்புகளுக்கு நடுவே டூட்ஸி டொமானெட்ஸ் அம்மாள் வேலை செய்துகொண்டிருந்தார். 1935இல் பிறந்தவர், 1966இல் பக்கத்து ஊரான கிடிங்ஸில் ஓர் இறைச்சிக்கடையில் இந்த வேலைக்கு வந்தவர். நீளப் பிடி போட்ட மண்வாரியில் தணலை அள்ளி அடுப்புக்குள் தள்ளினார். கொஞ்ச நேரம் கழித்து, தரை துடைக்கிற மாதிரியான துடைப்பானை ஒரு வாளியில் முக்கி, கோழித் துண்டுகள் மீது சாறு தெளித்தார். வார நாட்களில் பள்ளிக்கூடத்தில் துப்புரவு, பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டே சனிக்கிழமைகளில் இதைச் செய்தவர் என்று வரிசையில் இருந்த ஒருவர் சொன்னார்.

இறைச்சியின் ருசியை விட அந்தக் கைகள்தான் எனக்குள் தங்கின. எங்கள் அம்மாச்சி திண்டுக்கல்லில் விறகடுப்பு முன்னால் உட்கார்ந்து வளர்த்த குடும்பம் எங்களுடையது. தீயைக் கவனிப்பது என்பது வேறு எந்த வேலைக்கும் இடம் கொடுக்காத வேலை என்று எனக்குத் தெரியும். அந்த ருசி வீட்டிலும் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காக ராத்திரி முழுக்க விழித்திருக்க என்னால் முடியாது என்பதும் அங்கேயே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டு அடுப்பைத் தேடும் வேலை அந்த வரிசையில்தான் தொடங்கியது.

டெக்சஸின் இந்த நடுப்பகுதியில் பார்பிக்யூ என்றால் முதலில் பிரிஸ்கெட், மாட்டின் நெஞ்சுப் பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் வந்து குடியேறிய கசாப்புக்காரர்கள் விற்காமல் மிஞ்சிய இறைச்சியைப் புகையில் வாட்டி, காகிதத்தில் சுற்றி விற்றதில் பிறந்த பழக்கம் இது. லாக்ஹார்ட் ஊரின் ‘ஸ்மிட்டீஸ்’ கடைக்குப் பின்வாசல் வழியாகப் போனால், வரிசையில் நிற்பவர்களின் காலுக்குப் பக்கத்திலேயே தரையில் ஓக் கட்டைகள் எரிந்துகொண்டிருக்கும். ஆகஸ்ட் மாத வெயிலிலும் அப்படித்தான். டெய்லர் ஊரில் 1949இல் தொடங்கிய ‘லூயி ம்யூலர்’ கடையில் வந்தவர்கள் குத்திவிட்டுப் போன விசிட்டிங் கார்டுகள் எல்லாம் புகையேறிப் பழுப்பாகியிருக்கும். பெரும்பாலும் உப்பும் கரகரப்பாக உடைத்த மிளகும்தான் மசாலா. மிளகாய்ப் பொடியை விட மிளகை நம்பும் திண்டுக்கல் பிரியாணியில் வளர்ந்தவளுக்கு அந்தக் கருத்த மேலோடு முதல் வாயிலேயே சொந்தமாகிவிட்டது.

ஆனால் அப்போது எங்களுக்கு அடுப்பு வைக்க இடமில்லை. ரவுண்ட் ராக்கில் மூன்றாவது மாடியில் அபார்ட்மெண்ட். இங்கே பல குடியிருப்புகளைப் போல அங்கும் பால்கனியில் கரி அடுப்பு வைக்கக் கூடாது. அந்த வீட்டில் இருந்தபோதுதான் 2021 பிப்ரவரிப் பனிப்புயல் வந்தது. மாநிலத்தில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் நின்றது. எங்கள் அடுப்பு மின்சார அடுப்பு. வீட்டில் அரிசி, பருப்பு எல்லாம் இருந்தது. பச்சைக் குழந்தைக்குப் பால் சுடவைக்க வழி இல்லை. கீழ் வீட்டில் இருந்த மெக்சிகோக்காரர் வெபர் கரி அடுப்பை வண்டி நிறுத்துமிடத்தில் பனிக்கு நடுவே வைத்துப் பற்றவைத்தார். எல்லா வீட்டுப் பாத்திரங்களும் முறை வைத்து அதன் மேல் ஏறின. கை நீட்டி நின்ற அந்தச் சூட்டை நான் மறக்கவில்லை. பிறகு பெல்லட் ஸ்மோக்கர் வாங்கலாம் என்று என் கணவர் சொன்னபோது நான் முதலில் கேட்ட கேள்வியே, “கரண்ட் போனா அது எரியுமா?” என்பதுதான்.

எரியாது. அதை முதலில் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் விற்பவர்கள் அதைக் கடைசியில்கூடச் சொல்வதில்லை. விறகு எரிக்கும் அடுப்பாக இருந்தாலும் அது முழுக்க மின்சாரத்தை நம்பிய கருவி. பக்கத்தில் ஒரு தொட்டி. அதில் விரல் நுனி அளவு மரத்தூள் உருளைகள், அதாவது பெல்லட்டுகள். தொட்டிக்குக் கீழே ஒரு திருகுத்தண்டு மோட்டாரில் சுழன்று, அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவிலுள்ள சிறு தீக்கிண்ணத்துக்குள் தள்ளும். அங்கே மின்கம்பி ஒன்று பழுக்கச் சிவந்து முதல் தீயை மூட்டும். மின்விசிறி காற்றை ஊதும். உள்ளே இருக்கும் வெப்பமானி சொல்வதைக் கேட்டு, சூடு குறைந்தால் கூடுதல் பெல்லட், ஏறினால் குறைவு என்று கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவெடுக்கும். தீ மூட்டும் சில நிமிடங்களுக்குச் சுமார் 300 வாட் வரை இழுக்கும். அப்புறம் மோட்டாருக்கும் விசிறிக்கும் ஒரு சின்ன பல்பு அளவுதான். ஆனால் அந்தச் சின்ன பல்பு அளவும் இல்லையென்றால் இறைச்சி பச்சையாகவே கிடக்கும்.

வீடு வாங்கி, கொல்லைப்புறம் கிடைத்த பிறகு வேலி தாண்டிய பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஆலோசனை கேட்டோம். ஓய்வு பெற்றவர். அவரிடம் இருந்தது பக்கவாட்டில் தீயறை வைத்த, கட்டை எரிக்கும் பழைய பாணி இரும்பு அடுப்பு. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டை போடுவார். வெள்ளையாகப் புகை வந்தால் கசக்கும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலம் பூத்த மெல்லிய புகைதான் வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது அவர்தான். என் கணவருக்கு அந்த மாதிரி அடுப்பு மேல் ஒரு கண். பெரியவர் எங்கள் வீட்டை ஒரு பார்வை பார்த்தார்: கைக்குழந்தை, பள்ளிக்குப் போகும் பெண், வேலைக்குப் போகும் இரண்டு பேர். “நீங்க பெல்லட் வாங்குங்க. என் அடுப்புக்கு ஓர் ஆள் முழுசா வேணும். உங்க வீட்ல அப்படி ஓர் ஆள் இல்லை” என்றார். ருசி குறையாதா என்று கேட்டேன். புகை குறையும், ஆனால் சமைக்கவே சமைக்காமல் இருப்பதை விட அது மேல் என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ விளம்பரங்களும் வீடியோக்களும் பார்த்தோம். அவர் சொன்னதை விட உருப்படியாக யாரும் சொல்லவில்லை.

புகை குறையும் என்பது உண்மை. பெல்லட் நன்றாகக் காய்ந்தது, விசிறி தாராளமாகக் காற்று தருகிறது, அதனால் முழுமையாக எரிந்துவிடுகிறது. அரைகுறையாக எரியும் கட்டையில்தான் புகை அதிகம். பழைய கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இத்தனை நொடிக்கு ஒரு முறை தள்ளு, நிறுத்து என்று கடிகாரக் கணக்கில் ஓடின. சூடு ஏறி ஏறி இறங்கியது, அந்த இறக்கத்தில் புகையும் கிடைத்தது. இப்போது வரும் பிஐடி வகைப் பெட்டிகள் குறித்த சூட்டிலிருந்து ஐந்து, பத்து டிகிரிக்கு மேல் விலக விடுவதில்லை. சீரான சூடா, கூடுதல் புகையா என்பதில் நான் சீரான சூட்டின் பக்கம் நின்றேன். புகையைக் கூட்ட வழி உண்டு. துளை போட்ட எஃகுக் குழாயில் பெல்லட்டை நிரப்பி, ஒரு முனையில் கொளுத்தி, அடுப்புக்குள்ளேயே கிடத்தினால் அது தன்பாட்டுக்குப் புகைந்துகொண்டிருக்கும். ஆனால் ஆடிக்கொண்டே இருக்கும் சூட்டைச் சமையல்காரர் விழித்திருந்துதான் சரிக்கட்ட வேண்டும், விழிக்காமல் இருக்கத்தானே இந்த அடுப்பு.

கடைக்குப் போனோம். நானூறு டாலரில் தொடங்கி இரண்டாயிரத்தைத் தாண்டி நின்றன. அங்கிருந்த இளைஞர் முதலில் காட்டியது செல்பேசிச் செயலியை; அலுவலகத்திலிருந்தே சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம் என்றார். நான் மூடியைத் திறந்து மூடிப் பார்த்தேன். தகடு மெலிதாக இருந்த ஒன்றில் மூடி விளிம்பில் விரல் நுழையும் இடைவெளி. சூடு அப்படியே வெளியே போகும், பெல்லட் செலவு ஏறும். இரட்டைத் தகடு போட்ட ஒன்று கையில் கனத்தது, சத்தமில்லாமல் உட்கார்ந்தது. பிறகு சாம்பல் எங்கே விழுகிறது என்று கேட்டேன். சில அடுப்புகளில் கம்பி வலை, எண்ணெய் வழியும் தட்டு, அதற்குக் கீழே வெப்பத் தகடு என்று ஒவ்வொன்றாகக் கழற்றினால்தான் தீக்கிண்ணம் தெரியும். சிலவற்றில் வெளியே ஒரு பிடியை இழுத்தால் சாம்பல் ஒரு கிண்ணத்தில் விழுந்துவிடுகிறது. செயலியை விட அந்தப் பிடிக்குக் காசு கொடுக்கலாம். தீக்கிண்ணத்தில் சாம்பல் அடைந்தால் தீ அணைந்துபோகும். அணைந்தது தெரியாமல் பெல்லட் குவிந்து, மறுபடி பற்றும்போது குபீரென்று எரியும். வழியும் கொழுப்பு தேங்கினாலும் தீப்பிடிக்கும். துடைக்கச் சுலபமாக இல்லாத அடுப்பை யாரும் துடைப்பதில்லை, அதனால் எனக்கு அது வசதியைப் பற்றிய கேள்வியாகவே படவில்லை.

பெரிய அடுப்பு வேண்டும் என்று கணவர் சொன்னார். ஒரு முழு பிரிஸ்கெட் ஐந்தாறு கிலோ இருக்கும். அதுவும் பக்கத்தில் இரண்டு கோழியும் படுக்கிற இடம் போதும் என்று நடுத்தர அளவில் நின்றோம். தொட்டி மட்டும் பெரிதாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். குறைந்த சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ராத்தலிலிருந்து இரண்டு ராத்தல் வரை பெல்லட் போகும். இருபது ராத்தல் கொள்கிற தொட்டி இருந்தால் படுக்கப் போகுமுன் நிரப்பிவிட்டு விடிந்த பிறகு பார்க்கலாம். மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு சின்ன வெபர் கரி அடுப்பும் ஒரு மூட்டைக் கரியும் வாங்கிக் கொட்டகையில் வைத்தேன். கரண்ட் போகும் நாளுக்கு அது. பெல்லட் அடுப்பு அவ்வளவு சூடு ஏறாததால், அடியில் நேரடித் தணல் வேண்டிய கெபாப், சுட்ட சோளம் எல்லாவற்றுக்கும் அதுவே.

அடுப்பு வீட்டுக்கு வந்த வருடம் திண்டுக்கல்லிலிருந்து அப்பா வந்திருந்தார். அவர் மரக்கடையில் கணக்கு எழுதியவர். பெல்லட் மூட்டையைப் பிரித்ததும் ஒரு பிடி எடுத்து முகர்ந்தார், விரலால் ஒடித்தார், உள்ளங்கையில் தேய்த்துத் தூளாக்கினார். “இது மரத்தூள்தானேம்மா. எதைப் போட்டு ஒட்டுறாங்க?” என்றார். பசை எதுவும் போடுவதில்லை, பெரும் அழுத்தத்தில் சூடேறும்போது மரத்திலேயே இருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகி ஒட்டிக்கொள்கிறது என்று சொன்னேன். அவருக்கு அது பெரிய சந்தோஷம். 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது அமெரிக்காவின் வடமேற்கில் அறுவை மில்களில் மலையாகக் கிடந்த தூளை வீட்டுச் சூட்டுக்குப் பயன்படுத்தப் போய் இந்தப் பெல்லட் பிரபலமானது. ஒரிகன் மாநிலத்தில் மவுண்ட் ஏஞ்சல் என்ற ஊரில் வெப்ப உலை வியாபாரம் செய்த ஜோ டிரேகர் அதே பெல்லட்டைச் சமையலுக்குத் திருப்பினார். 1986இல் காப்புரிமை கிடைத்தது. இருபது வருடம் கழித்து அது காலாவதியான பிறகுதான் மற்ற கம்பெனிகள் எல்லாம் வரிசையாக இறங்கி விலை நமக்கு எட்டியது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நம்ம வீட்ல இது இருந்துச்சு” என்றார்.

இருந்தது. அம்மாச்சியின் மரத்தூள் அடுப்பு. தகர டப்பாவின் அடியில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. நடுவில் நெட்டாக ஒரு பாட்டிலை நிறுத்தி, ஓட்டை வழியாக ஒரு உருளைக் கட்டையைச் செருகி, சுற்றிலும் தூளைக் கெட்டியாக இடித்து அடைப்பார்கள். பிறகு பாட்டிலையும் கட்டையையும் அலுங்காமல் உருவினால் காற்றுப் போக எல் வடிவத்தில் ஒரு குழாய் கிடைக்கும். அடியில் கொளுத்தினால் உள்சுவர் மெல்ல மெல்ல எரிந்து மணிக்கணக்காகச் சூடு தரும், யாரும் ஊத வேண்டாம், தள்ள வேண்டாம். அம்மாச்சி அதில் நெல் அவிக்கிற வேலைக்கும் குளிக்க வெந்நீருக்கும் தண்ணீர் ஏற்றிவிட்டு வாசலில் போய்ப் பூக்கட்டுவாள். தூளைச் சரியாக இடிக்காவிட்டால் நடுவில் சரிந்து அணைந்துவிடும். ஆகவே இடிப்பதை வேறு யாரிடமும் விடமாட்டாள். எங்கள் புது அடுப்பின் திருகுத்தண்டைக் குனிந்து பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: “அத்தை இடிச்சு அடைச்ச வேலைய இந்த மோட்டார் பாக்குது.”

முதலில் எதுவும் வைக்காமல் வெறும் அடுப்பைச் சூடேற்றி, தொழிற்சாலை எண்ணெய் வாடை போகவிட்டோம். அப்பா மாட்டிறைச்சி தொடமாட்டார். அவருக்காக ஹலால் கடையில் ஆட்டின் முன்சப்பையை எலும்போடு முழுசாக வாங்கி, முந்தின ராத்திரியே உப்பும் மிளகும் கொஞ்சம் சோம்பும் தடவிக் குளிர்பெட்டியில் வைத்தேன். விடியுமுன் எழுந்து, 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில், நம் கணக்கில் 107 செல்சியஸில் அடுப்பை வைத்து, இறைச்சியைக் குளிர்ந்தபடியே உள்ளே வைத்தேன். குளிர்ந்து ஈரமாக இருக்கும் மேற்பரப்பில்தான் புகை நன்றாகப் படியும். முதல் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிற புகைதான் கணக்கு. பிறகு போய்ப் படுத்துவிட்டேன். விறகடுப்பில் சமைத்தவள் யாரும் அப்படிப் போய்ப் படுத்திருக்க மாட்டாள். பாதித் தூக்கத்தில் ஜன்னல் வழியாக ஓக் வாசனை வந்துகொண்டிருந்தது.

இறைச்சிக்குள் குத்திய வெப்பமானி 160 ஃபாரன்ஹீட் அருகில் வந்ததும் நகர மறுத்தது. மணி போகிறது, முள் போகவில்லை. இங்கே எல்லோரும் பயப்படுகிற கட்டம் இது. இறைச்சியின் ஈரம் ஆவியாகும்போது, வியர்வை உடம்பைக் குளிர்விக்கிற அதே விதத்தில் அது தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்கிறது. சூட்டைக் கூட்டத் தோன்றும். கூட்டாமல், இங்கே கசாப்புக்கடைகளில் கிடைக்கிற இளஞ்சிவப்புத் தாளில் சுற்றிவைத்தால் ஆவி அடங்கி முள் மறுபடி ஏறத் தொடங்கும். 200ஐத் தாண்டியபோது எலும்பு தன்னால் கழன்று வந்தது. நார் நாராகப் பிரிந்த கறியை அப்பா சோறும் ரசமும் போட்டுச் சாப்பிட்டார். “உப்புக்கண்டத்துல இருக்கிற வாசனை, ஆனா பஞ்சு மாதிரி இருக்கு” என்றார். மேல்புறம் கருப்பாகவும் அதற்கு அடியில் ஒரு கோடு ரோஜா நிறத்திலும் இருந்ததைப் பார்த்து, வேகவில்லையோ என்று சந்தேகப்பட்டார். புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு தசையின் நிறமியோடு சேர்ந்து தருகிற சிவப்பு அது, வெந்ததுதான் என்று சொல்லித் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தேன்.

கோழிக்கு இதே முறை ஆகாது. 225இல் வைத்தால் கறி வெந்துவிடும், தோல் ரப்பராக நிற்கும். 350க்குக் கொண்டுபோக வேண்டும், உள்ளே 165 வந்ததும் எடுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த அடுப்பின் உச்சம் கத்திரிக்காய்தான் என்பேன். குண்டுக் கத்திரிக்காயை ஒரு மணி நேரம் புகையில் குழைய விட்டு, புளி, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம் சேர்த்துப் பிசைந்தால், அதற்கு முன் பிரிஸ்கெட்டும் தோற்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர் அதை ரொட்டியில் தடவித் தின்றுவிட்டுக் கிண்ணத்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

வாங்கப்போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு சங்கதி. பெல்லட்டை ஈரம் படாத மூடி போட்ட வாளியில் வையுங்கள். ஒரு மழை பட்டால் ஊதி மறுபடி மரத்தூளாகி, திருகுத்தண்டுக்குள் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். சமைத்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்காதீர்கள். அணைக்கும் பொத்தானை அழுத்தினால் விசிறி சிறிது நேரம் ஓடிக் கிண்ணத்தில் மிச்சமுள்ளதை எரித்துவிட்டு நிற்கும்; பிடுங்கிவிட்டால் தீ பின்னோக்கித் தொட்டிப் பக்கம் ஊரக்கூடும்.

அப்பா ஊருக்குக் கிளம்பும்போது ஒன்றைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். இங்கே மின்சாரம் 120 வோல்ட், அங்கே 230; பெல்லட்டுக்கும் அலைய வேண்டும் என்றேன். சரி என்று விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. பழைய பெயிண்ட் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, நடுவில் பாட்டில் நிறுத்தி, பழைய மரக்கடையிலிருந்து சாக்கில் வாங்கிவந்த தூளை உலக்கையால் இடித்துக்கொண்டிருந்தார். மேலே கம்பி வலை, அதன் மேல் கவிழ்க்க ஒரு பானை தயாராக இருந்தது. உடனே போன் போட்டேன்.

“அப்பா, டப்பாவை முதல்ல வெறுமனே நெருப்புல போட்டுப் பெயிண்ட் எல்லாம் எரிச்சீங்களா? பிளைவுட் தூள் கலந்திருந்தா வேண்டாம்ப்பா, அதுல பசை இருக்கும்.”

“முப்பது வருஷம் மரக்கடையில இருந்தவனுக்குப் பிளைவுட் தெரியாதாக்கும்? மாமரத் தூள் மட்டும் தனியா அள்ளிட்டு வந்தேன். நீ அந்த முள்ளு எத்தனைக்கு வரணும்னு மட்டும் சொல்லு.”